பித்தளை நட்டு

காருக்கு ஊற்ற ஊருணித் தண்ணீர்தான் நல்லது, டாக்டர். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். மழைத் தண்ணீர் நிற்கிற ஊருணியில் அந்தத் தொந்தரவு கிடையாது. பள்ளத்தூரிலிருந்து குன்றக்குடி வரைக்கும் எந்த ஊருணியில் படி நன்றாக இருக்கும், எது கோடையிலும் வற்றாது என்று கேட்டால் இன்றைக்கும் நான் வரிசையாகச் சொல்வேன்.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும். மதுரை ஆஸ்பத்திரியின் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "வெந்நீர் பட்டு எட்டு நாள் கழிச்சா கொண்டு போனீங்க? அந்த எட்டு நாளும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டீர்கள். பதினொரு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் என்னைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

வெளியே பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறானே மரியப்பன், அவன் என் மனைவி ஞானபூரணியின் கூடப் பிறந்த தம்பி. காரைக்குடியில் கண் முகாம் என்று எங்கள் மாதா கோயிலில் சாமியார் அறிவித்ததும் என் மனைவி பிடிவாதமாக நின்றுவிட்டாள். அதனால்தான் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். இடது கண்ணுக்கு உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, கருவிழி மேல்தான் வெள்ளை படர்ந்திருக்கிறது, இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்து வைத்துத் தைத்தால் பார்வை வரும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அதைக் கேட்டதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் சந்தோஷம் என்று நினைத்து நாற்காலி போட்டீர்கள்.

சாயங்கால வேனில் நீங்கள் மதுரை போய்விடுவீர்கள். எங்கள் ஊர்க்காரரும் இல்லை. அதனால் சொல்கிறேன்.

என் பெயர் உபகாரசாமி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் பள்ளத்தூர் தேனம்மை ஆச்சி வீட்டில் டிரைவராகச் சேர்ந்தேன். கார் முப்பத்தொன்பதாம் வருஷத்து மாடல், சீமையிலிருந்து கப்பலில் வந்தது. ஆச்சியின் கணவர் தவறிய பிறகு மகன்கள் இரண்டு பேரும் பட்டணத்தோடு இருந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி, துணைக்குச் சோணையம்மாள், கொட்டகையில் கார், காருக்கு நான். முதல் பத்து வருஷத்தில் ஆச்சி என்னிடம் பேசிய பேச்சு இரண்டுதான். "வண்டிய எடு." "நிப்பாட்டு." அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக அப்போது தெரியாது. உலகம் அப்படித்தான் என்று இருந்தேன்.

அறுபதாம் வருஷம் காரில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. எஞ்சினுக்கு முன்னால் ஒரு தண்ணீர்ப் பம்ப் இருக்கும். ரேடியேட்டரில் ஆறிய தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளிவிடுவது அதன் வேலை. ஒழுக்கு அங்கே. தண்ணீர் குறைந்தால் எஞ்சின் கொதித்துவிடும். காரைக்குடிப் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, பம்பே போச்சு, இதற்கு இனிமேல் சாமான் கிடைக்காது என்று கையை விரித்தார். நானும் அதை நம்பினேன். நம்பினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு மாசம் என் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்றிலிருந்து ஐந்து மைலுக்கு ஒரு தரம் நிறுத்துவேன். தகர டின்னோடு ஊருணியில் இறங்குவேன். கொதிக்கிற ரேடியேட்டரைச் சும்மா திறக்கக் கூடாது, டாக்டர். ஈரச் சாக்கை மூடி மேல் போட்டு, ஒதுங்கி நின்று, மூடியை மெல்லத் திருக வேண்டும். ஆவியெல்லாம் போன பிறகு சாக்கை எடுத்து மட்கார்டில் விரித்துப் போடுவோம். மட்கார்டில் சாக்குக் கிடந்தால் ஆவி இறங்கிவிட்டது, யாரும் பயமில்லாமல் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றலாம் என்று அர்த்தம். காரைக்குடி ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களுக்கும் இதுதான் வழக்கம். வாயால் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

அந்த ஒழுக்கு வந்த பிறகுதான் ஆச்சி என்னைப் பார்க்க ஆரம்பித்தார். "உபகாரம், தண்ணி போதுமாப்பா? வெயில்ல ஏறி எறங்குறியே, செத்த நேரம் நில்லு" என்பார். விருந்துக்குப் போகிற வீடுகளில், "நம்ம உபகாரம் இல்லேன்னா இது வெறும் இரும்பு ஆத்தா" என்று என் காதுபடச் சொல்வார். கல்யாண வீடுகளில் டிரைவர்களுக்குக் கடைசியில், எல்லாரும் தின்று முடித்த பிறகு, பின்பக்கம் இலை போடுவார்கள். இளையாத்தங்குடியில் ஒரு கல்யாணத்தில் ஆச்சியே ஆள் அனுப்பினார். "உபகாரத்துக்கு மொத இலையப் போடுங்க, அவன் போயி வண்டியப் பாக்கணும்." முதல் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் சூடாக இருந்தது. அதுவரைக்கும் நான் ஆறிப்போன பாயசம்தான் குடித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரை விற்றுவிடச் சொல்லிப் பட்டணத்து மகன்கள் எழுதுவார்கள். ஒழுகுகிற வண்டியை எவன் வாங்குவான், உபகாரம் ஓட்டுகிறவரைக்கும் ஓடட்டும் என்று ஆச்சி பதில் போடச் சொல்வார். அந்தப் பதிலை எழுதியதும் நான்தான்.

மறுவருஷம் சித்திரையில் ஆச்சி பத்து நாள் பட்டணம் போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல் பம்பைக் கிளறிப் பார்த்தேன். பம்பின் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு பித்தளை நட்டு. அதைக் கழற்றினால் உள்ளே கிரீஸில் ஊறிய கயிறு சுற்றியிருந்தது. இருபது வருஷத்துக் கயிறு, மக்கிப் போய்த் தூளாக வந்தது. நல்ல பருத்திக் கயிற்றைத் திரித்து, கிரீஸில் புரட்டி, உள்ளே சுற்றி நட்டை முறுக்கினேன். எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவ்வளவுதான் அந்தச் சீக்கு. பட்டறைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் எட்டு மாசம் தெரியவில்லை.

ஆச்சி திரும்பி வந்த அன்று, சொல்லிவிட வேண்டும் என்று கொட்டகையிலிருந்து வாசல்வரை நடந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். ஒழுகாத காரை விற்றுவிடலாம். ஒழுகாத காரை எவனும் ஓட்டலாம். திரும்பிப் போய், ஸ்பானரை எடுத்து, நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். தண்ணீர் சொட்டியது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்து வருஷம் அந்த நட்டு என் கையில் இருந்தது. ஆச்சி கோயிலுக்குக் கிளம்புகிற நாளில் கால் சுற்றுத் தளர்த்துவேன். விருந்தாளிகள் ஏறினால் அரைச் சுற்று. கொட்டகைக்கு வந்ததும் முறுக்கிவிடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்? ஊருணியில் தண்ணீர் குறைந்துபோயிற்றா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு வாய்விட்டுச் சொல்லும்போது கூசுகிறது. ஒரு வயசான பொம்பிளையைப் புளிய மரத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு, நானே திறந்துவிட்ட ஒழுக்குக்கு நானே தண்ணீர் சுமந்து, அவர் வாயால் "பாவம் உபகாரம்" என்று சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

அறுபத்தைந்தில் மரியப்பன் பர்மாவிலிருந்து வந்தான். அங்கே இருந்த நம் ஆட்களை எல்லாம் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்களே, அந்தக் கூட்டத்தில். ஒரு தகரப் பெட்டி, அதில் நாலு உடுப்பு, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஸ்பானர் செட்டு. ரங்கூனில் மோட்டார் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன். முப்பது வயசு. எங்கள் வீட்டில்தான் தங்கினான். காரைக்குடியில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக?" என்று என் மனைவி தினமும் கேட்டாள். சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்பேன். ஒரு வருஷம் சமயம் பார்த்தேன்.

மரியப்பன் ஒரு வார்த்தை குறையாகப் பேசியது இல்லை. சிரித்த முகம். "மச்சான், உங்க வண்டியில ஒழுக்காமுல்ல? ஒருநாள் நான் வந்து பாக்கட்டா?" என்பான். "நீ பாக்காத வண்டியா மாப்ளே, பாக்கலாம் பாக்கலாம்" என்பேன். ஒருநாள் சாக்குப் போடுகிற வழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ரங்கூனிலும் அதேதான் என்றான். "கடல் தாண்டிப் போனாலும் டிரைவருக்கு டிரைவர் ஒரே சாதிதான் மச்சான்" என்று சிரித்தான்.

சோணையம்மாள் வாய் சும்மா இருக்காது. அவள்தான் ஆச்சியிடம் போட்டுக்கொடுத்தாள். அறுபத்தாறு ஆடியில் ஆச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் உபகாரம், உன் மச்சினன் ரங்கூன்ல மோட்டார் பட்டறையில இருந்தவனாமே. இத்தனை நாளா மூச்சு விடலியே நீ. ஆடிக் கார்த்திகைக்குக் குன்றக்குடி போறப்ப அவனையும் கூட்டியா. அவனே ஓட்டட்டும். எங்க ஒழுகுதுன்னு பாத்துச் சொல்லட்டும்."

"சரி ஆச்சி" என்றேன்.

அன்றைக்கே நட்டை இறுக்கமாக முறுக்கிவிட்டு, தானாக நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். கொட்டகையில் போய்ப் பார்த்தேன். பித்தளை மெத்தென்ற உலோகம். ஐந்து வருஷமாக ஸ்பானர் போட்டுப் போட்டு அந்த நட்டின் ஆறு விளிம்பும் தேய்ந்து தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. எஞ்சின் முழுக்கக் கறுப்பு, அது ஒன்று மட்டும் பளபளப்பு. வேலை தெரிந்தவன் பார்த்தால் போதும். இதை அடிக்கடி யாரோ திருப்புகிறான் என்று சொல்லிவிடுவான். திருப்ப அங்கே என்னைத் தவிர ஆள் கிடையாது. ஆச்சி என் முகத்தைப் பார்ப்பார். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேலை போவது வேறு. அவர் பார்க்கிற பார்வை வேறு.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். சின்னதுதான். கார்த்திகை அன்று காலையில் ரேடியேட்டரில் பாதிக்குத் தண்ணீர் வைத்தேன். நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். மரியப்பன் ஓட்டும்போது வண்டி கொதித்து நிற்க வேண்டும். ஆச்சி வெயிலில் இறங்கி நின்று, "உனக்கு இது சரிப்படாதுப்பா, உபகாரமே பாக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அவன் கொஞ்சம் அவமானப்பட வேண்டும். அவ்வளவே. அவன் உடம்புக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அந்தக் காலை நேரத்தில் நினைக்கவில்லை.

ஆடிக் கார்த்திகைக்குக் காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். வண்டி ஊர்ந்துதான் போனது. குன்றக்குடி மலை தெரிகிற தூரத்தில் பானெட்டைச் சுற்றி ஆவி கிளம்பியது. மரியப்பன் பதறவில்லை. ஓரமாக ஒரு புளிய மரத்தடியில் பதமாக நிறுத்தினான். ஆச்சியையும் சோணையம்மாளையும் கையைப் பிடித்து இறக்கி நிழலில் உட்கார வைத்தான். "கவலைப்படாதீக ஆச்சி. சூட்டுலதான் ஒழுக்கு எங்குட்டுன்னு தெரியும். இதுதான் நல்ல சமயம்" என்றான்.

ஆச்சி அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அதுவரைக்கும் எனக்கே கிடைத்துவந்த தலையாட்டல்.

அவன் பானெட்டைத் திறந்தான். நான் வழக்கம்போலச் சாக்கை நனைத்து எடுத்து வந்து மூடி மேல் போட்டேன். அவன் மட்கார்டில் வயிற்றைச் சாய்த்துக் குனிந்து, தலையைச் சரித்து, பம்ப் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், இங்குட்டு வாங்களேன்" என்றான். குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

என் கை மூடி மேல் இருந்தது. திருகவில்லை. ஒரு சுற்றும் திருகவில்லை. சாக்குக்குள் மூடி துடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. சாக்கை எடுத்தேன். மட்கார்டில் விரித்துப் போட்டேன்.

"அத அப்புறம் பாக்கலாம் மாப்ளே. ஆச்சி காத்துக்கிட்டு இருக்காக. மொதல்ல தண்ணிய ஊத்து" என்றேன்.

அவன் நிமிர்ந்து சாக்கைப் பார்த்தான். சரி மச்சான் என்று துண்டால் மூடியைப் பிடித்து, உள்ளே தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டு போனான். வேலைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நான் டின்னை எடுக்கப் போகிறவன் போல இரண்டு எட்டு நகர்ந்திருந்தேன்.

பொய் என்று பார்த்தால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, டாக்டர். ஆவி போய்விட்டது என்று வாயால் சொல்லவே இல்லை. சாக்கைத்தான் போட்டேன். இதை வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். சில நாள் இது போதுமானதாகக்கூட இருந்திருக்கிறது.

காரைக்குடிக்குத் திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். ஆச்சி பின்னால் ஜெபிக்கிற மாதிரி "முருகா முருகா" என்றே வந்தார். மரியப்பன் என் பக்கத்தில், முகத்தில் ஈரத் துண்டோடு. எவ்வளவு எரிந்திருக்கும். அதற்கு நடுவில் என்ன சொன்னான் தெரியுமா?

"மச்சான், பம்ப்ல ஒரு பித்தளை நட்டு இருக்கு, பாத்தீகளா? விளிம்பெல்லாம் புதுசா மின்னுது. எவனோ அடிக்கடி திருப்பியிருக்கான், விவரம் கெட்டவன். அதான் ஒழுகுது. கண்ணு தெளிஞ்சதும் நானே வந்து முறுக்கி விடுறேன். ஆச்சி சந்தோசப்படுவாக."

அவன் தன்னைச் சுட்டுப் பொசுக்கிய மூடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்குப் போட்டிருந்ததே, பிறகு எப்படி என்று கேட்கவில்லை. உள்ளே மறுபடி கொதித்திருக்கும் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். நட்டைப் பற்றித்தான் பேசினான். கண் தெளிந்ததும் வந்து பார்ப்பேன் என்றான்.

காரைக்குடியில் ஒரு டாக்டர் களிம்பு போட்டுக் கட்டிவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, இன்றைக்கே மதுரைக்குக் கொண்டு போங்கள், ஒரு நாள் போனால் ஒரு நாள் பார்வை போகும் என்றார். சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து ஆச்சியிடம், களிம்பு போதுமாம், எட்டு நாள் கழித்து மதுரையில் காட்டச் சொல்கிறார் என்றேன். என் மனைவி அழுதுகொண்டு, இன்றைக்கே போனால் என்ன என்றாள். ஒழுகுகிற வண்டி அறுபது மைல் தாங்காது, பஸ்ஸில் தூசி கண்ணில் படும் என்றேன். ரெண்டுமே நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. பக்கத்து வீட்டுக் காளியாயி பிள்ளை பெற்று மூன்று மாசம். அவளிடம் தாய்ப்பால் வாங்கி என் கையாலேயே அவன் கண்ணில் விட்டேன், வேளாவேளைக்கு. விடும்போதெல்லாம் "மச்சான், உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்பான். விட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

அதற்குள் கொட்டகையில் என் வேலையை முடித்தேன். அரத்தால் அந்த நட்டின் விளிம்புகளை ராவினேன். கரியும் கிரீஸும் குழைத்துப் பூசினேன். இறுக்கி முறுக்கினேன். ஒழுக்கு நின்றது. ஆச்சி கேட்டதற்கு, மரியப்பன் படுத்திருந்தபடியே சொன்ன யோசனை ஆச்சி என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி உன்னையும் அவனையும் நான் விடமாட்டேன் உபகாரம் என்றார். சொன்னபடி சாகிறவரைக்கும் விடவில்லை. காரையும் விற்கவில்லை.

எட்டாம் நாள் மதுரைக்குப் போனோம். அறுபது மைலும் வண்டி ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. எங்கெங்கே ஊருணி வருகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன், நிறுத்த ஒரு காரணம் கிடைக்காதா என்று. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, முதல் நாளே வந்திருந்தால் ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்கும் என்று இங்கிலீஷில் கூட இருந்தவரிடம் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது. நிஜமான அழுகை. அழுகிற மனசுக்கு அடியில், இனிமேல் பயமில்லை என்று ஒன்று மெதுவாகக் காலை நீட்டிப் படுத்ததே, அதுவும் நிஜம். அதை நினைத்தால்தான் சோறு இறங்காது.

ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பெண் பெயர் வியாகுலம்மாள். ஒரு வருஷம் காத்திருந்தாள். பிறகு அவள் வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். நானே போய் அவளுக்குக் குறை ஒன்றும் சொல்லாமல் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வந்தேன். ஊர் அதையும் மெச்சிக்கொண்டது.

அன்றிலிருந்து அவன் என் வீட்டில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என் தோளில் கை போட்டுக்கொண்டு வருவான். போகிறவர் வருகிறவர் எல்லாம், "மச்சினனுக்குக் கண்ணா இருக்காரய்யா மனுசன்" என்பார்கள். என் மனைவி ஒருநாள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எந்தக் கை என்று பார்த்தேன். சாக்கை விரித்த கை. அவள் போனதும் கிணற்றடியில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தவக்காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது, பொய் சொன்னேன் சாமி, கோபப்பட்டேன் சாமி என்று சில்லறையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். சாப்பாட்டில் மோர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவன் விரலால் தேடுவான். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நகர்த்தி வைப்பேன். "மச்சான் இருக்கிறவரைக்கும் எனக்கென்ன" என்பான். என்னை யாராவது நடுத்தெருவில் நிறுத்திக் காறித் துப்பினால் தேவலை என்று இருக்கும். யாரும் துப்ப மாட்டேன் என்கிறார்கள்.

இதுதான் அந்த எட்டு நாள் கணக்கு. சொல்லிவிட்டேன். நீங்கள் என்னை அப்படிப் பார்ப்பதில் தப்பில்லை. போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றாலும் சொல்லுங்கள். தடுக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்ணில் பார்வை வரும் என்று சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்து அறைக்குக் கை கழுவப் போனீர்களே, அந்த ஐந்து நிமிஷத்தில் நான் வெளியே போனேன். பேச்சுச் சத்தம் வருகிற திசையெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். என் காலடி கேட்டதும் எழுந்து நின்றான். "டாக்டர் என்ன சொல்றாக மச்சான்?" என்றான். வேட்டியை அவசரமாகச் சரி பண்ணிக்கொண்டான், நல்ல சேதி கேட்கப் போகிறவன் மாதிரி.

ஒன்றும் செய்ய முடியாதாம் மாப்ளே என்று சொல்லிவிட்டேன்.

கையை நீட்டி என்னைத் தேடிப் பிடித்தான். பிறகு, "அதனால என்ன மச்சான், நீங்க மனசு விட்டுறாதீக" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறான். நீங்கள் கூப்பிட்டு வேறு மாதிரிச் சொன்னால், மச்சானிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பான். நாற்பத்திரண்டு வயசு, இருட்டுக்குப் பழகிவிட்டவன். கண் தெரிந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பான். பார்த்துக்கொண்டே இருப்பான். உலகத்தில் அவன் நம்புவது என் ஒருவனைத்தான், டாக்டர். பாவம், அதையும் அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.